நிறத்தால் நுண்ணுயிர் பிரித்தறிந்த கிராம்

மருத்துவ ஆய்வுக்கூடத்தினின்று வரும் சீழ்ப் பரிசோதனை அறிக்கையில் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்னும் சொற்களை நம்மில் பலர் கண்டிருப்போம். கிராம் என்றதும் எடையளவு நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் இது எடையன்று. ஒரு மனிதரின் பெயர். டென்மார்க் நாட்டு மருத்துவ மேதை ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் அவர்களின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

அவர் 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். தந்தையார் சட்டப் பேராசிரியர். மைந்தரோ செடிகொடிகளில் மனம் தோய்ந்து, தாவரவியல் உதவியாளராகப் பணியாற்றினார். நுண்ணோக்கியைக் கையாளும் பயிற்சி அக்காலத்தே அவருக்கு வாய்த்தது. பின்னர் மருத்துவம் பயின்று 1878இல் பட்டம் பெற்றார்.

1883 முதல் 1885 வரை அவர் ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்று கல்வியைப் பெருக்கினார். பெர்லினில் கார்ல் ஃபிரீட்லேண்டர் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரல் திசுக்களை ஆராய்ந்தார். சாயமிட்டால் திசுவும் கிருமியும் ஒருங்கே நிறம் பெற்றன. கிருமியைத் தனித்துக் காண்பது அரிதாயிற்று. எனவே ஊதாச் சாயம் இட்டு, அயோடின் கரைசலில் தோய்த்து, ஆல்கஹாலால் கழுவினார். திசுவின் நிறம் நீங்கிற்று. கிருமிகள் ஊதா நிறத்துடன் தனித்து நின்றன. 1884இல் இம்முறையை வெளியிட்டார்.

டைபாய்டு கிருமி போன்ற சில, கழுவும்போதே நிறத்தை இழந்ததையும் அவர் கண்டார். அதனை மறைத்தாரல்லர், தம் முறை குறையுடையது என்றே எழுதினார். அவர் குறையெனக் கருதிய அதுவே பின்வந்தோர்க்குப் பெருநிறைவாயிற்று. நிறம் இழந்தவற்றிற்குச் சஃப்ரானின் என்னும் செஞ்சாயம் ஊட்டும் வழி பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஊதாவாக நிற்பவை கிராம் பாசிட்டிவ், சிவப்பாகத் தோன்றுபவை கிராம் நெகட்டிவ் எனக் கிருமியுலகின் பெரும்பகுதி இரு கூறாயிற்று. முன்னவற்றின் செல்சுவர் தடித்திருப்பதால் சாயத்தை விடாது பற்றுகின்றது. பின்னவற்றின் சுவர் மெலிதாதலின் சாயம் வெளியேறுகின்றது. இக்காரணம் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

இதனால் விளையும் பயனை நீரிழிவு நோயாளரின் காற்புண்ணில் நாம் நன்கு காணலாம். நெடுநாள் நீரிழிவால் நரம்புகள் உணர்விழக்கின்றன. முள் தைத்ததும் செருப்புக் கடித்ததும் தெரிவதில்லை. இரத்த ஓட்டமும் குன்றுவதால் புண் ஆறாது, கிருமி எலும்புவரை செல்லவும் கூடும். காலம் தாழ்த்தினால் காலையே இழக்க நேரிடும். அந்நிலையில் எக்கிருமி என்றறியாது மருந்தளிப்பது இருளில் அம்பெய்வதை ஒக்கும்.

ஆதலின் தொற்றின் அறிகுறி காணும் மருத்துவர், முதலில் புண்ணைக் கழுவி, அழுகிய சதையை நீக்கி, ஆழத்திலிருந்து சிறிது திசு எடுக்கின்றார். மேற்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால், நோய்க்குத் தொடர்பற்ற கிருமிகளும் உடன்வரும். எடுத்ததைக் கண்ணாடிச் சில்லில் பூசிக் கிராம் சாயமிட, சில நிமிடங்களே போதும். ஊதா நிறக் கோளங்கள் கொத்தாகத் தோன்றின் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்றும், சரமாகத் தோன்றின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றும் ஐயுறலாம். தோல் தொற்றுகளில் இவ்விரண்டுமே மிகுதி. நாட்பட்ட காற்புண்ணில் சூடோமோனாஸ், புரோட்டியஸ் முதலிய செந்நிறக் கோலுருக் கிருமிகளும் கலந்திருக்கக் கூடும்.

நிறம் மட்டுமே முடிந்த முடிபாகாது. திசுவை இரத்த அகாரிலும் மெக்காங்கி அகாரிலும் இட்டு, ஏறத்தாழ 37 பாகை வெப்பத்தில் ஓரிரு நாள் வளர்க்கின்றனர். ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் நுரைப்பது ஸ்டாஃபிலோகாக்கஸ், நுரையாதது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். முன்னதிலும் பிளாஸ்மாவை உறையச் செய்வது பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஆக்சிடேஸ் சோதனை சூடோமோனாசைக் காட்டிக்கொடுக்கும். இறுதியில் எம்மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சோதிப்பர். இச்சோதனைகளுள் எதனைச் செய்வது என்பதற்கு முதல் வழிகாட்டி கிராம் சாயமே. விடை வரும்வரை எம்மருந்தைத் தொடங்கலாம் என்பதற்கும் அது குறிப்புத் தருகின்றது.

தாயகம் திரும்பிய கிராம், 1891இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார். 1900இல் மருத்துவப் பேராசிரியரானார். அதன்பின் அவர் உள்ளம் நாடியது ஆய்வுப்புகழை அன்று, நோயாளரையும் மாணவரையுமே. 1923இல் ஓய்வு பெற்று, 1938 நவம்பர் 14ஆம் நாள், தம் 85ஆம் அகவையில் மறைந்தார்.

மரபணுவைக் கொண்டே கிருமியை இனங்காணும் கருவிகள் வந்துவிட்ட இந்நாளிலும், சிற்றூர் மருத்துவமனை ஆய்வுக்கூடத்து மேசையில் அவ்வூதாச் சாயப் புட்டி இருக்கின்றது. தம் கண்டுபிடிப்பின் குறையைத் தாமே எழுதிவைத்த நேர்மையே பிறர் அதனை நிறைவு செய்ய வழி திறந்தது. ஆய்வேட்டில் தாம் கண்டதைக் கண்டவாறே எழுதுவதற்கு நம் மாணவச் செல்வங்கள் அவர்பால் கற்கலாம். நம் இல்லங்களில் நீரிழிவுற்ற பெரியோரின் பாதங்களை நாள்தோறும் உற்று நோக்குவதும், புண் கண்டவுடன் கைமருந்தில் காலங்கடத்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் நம் அனைவரின் கடமையாகும்.