கையெழுத்து போடத் தெரியாது... ஆனால் வெள்ளியில் இவர் முத்திரை! யார் இந்த ஹெஸ்டர் பேட்மேன்?

பழைய இங்கிலாந்து வெள்ளி ஸ்பூனைத் திருப்பிப் பார்த்தால், காம்பின் பின்பக்கம் குட்டிக் குட்டியாகச் சில முத்திரைகள் இருக்கும். அதில் வளைவான ‘எச்.பி’ எழுத்துகள் தெரிந்தால், பழம்பொருள் சேகரிப்பவர்களின் கண் விரியும். தன் பெயரையே எழுதத் தெரியாத ஒரு பெண்ணின் முத்திரை அது.

யார் இவர்?

1708-ல் லண்டனில் பிறந்தவர் ஹெஸ்டர். 1732-ல் ஜான் பேட்மேனைத் திருமணம் செய்தார். ஜானுக்குத் தங்கச் சங்கிலி செய்யும் தொழில். 1760-ல் காசநோய் ஜானின் உயிரைப் பறித்தது. உயில்படி தொழில் கருவிகள் எல்லாம் மனைவி கைக்கு வந்தன.

ஹெஸ்டருக்கு அப்போது வயது 50-ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் பட்டறையை மூடவில்லை. 1761 ஏப்ரலில் பொற்கொல்லர் சங்கத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்குப் போய், தன் பெயரில் முத்திரையைப் பதிவு செய்தார். கையெழுத்துக்குப் பதில் ஒரு குறிதான் போட்டார்.

முத்திரை ஏன் முக்கியம்?

செய்த பொருளை அந்த ஹாலில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். தரம் குறைந்தால் உடைத்தே விடுவார்கள். அதனால் முத்திரை பதிப்பது என்பது, தப்பு நடந்தால் நான்தான் பொறுப்பு என்று ஏற்பது. ‘ஹால்மார்க்’ என்ற சொல்லும் இந்த ஹாலில் இருந்து வந்ததுதான்.

ஒவ்வொரு முத்திரைக்கும் என்ன அர்த்தம்?

* நடக்கும் சிங்கம்: 92.5% சுத்த வெள்ளி. நம்ம ஊர் கடைகளில் 92.5 வெள்ளி என்கிறார்களே, அதே அளவு.
* சிறுத்தை முகம்: லண்டனில் சோதிக்கப்பட்டது.
* ஓர் ஆங்கில எழுத்து: சோதித்த ஆண்டு. வருஷா வருஷம் மாறும்.
* அரசர் தலை: வரி கட்டியாச்சு. 1784 டிசம்பரில் வந்தது. ஹெஸ்டரின் லண்டன் ஸ்பூனில் இது இல்லையென்றால், பெரும்பாலும் அதற்கு முந்தையது.

எப்படி ஜெயித்தார்?

ஆரம்பத்தில் பெரும்பாலும் மற்ற வெள்ளிக் கடைக்காரர்களுக்காகத்தான் வேலை செய்தார். அந்த நேரத்தில், செம்பின் மேல் வெள்ளித் தகடு ஒட்டிய மலிவான ‘ஷெஃபீல்டு பிளேட்’ பாத்திரங்கள் சந்தைக்கு வந்தன. அசல் வெள்ளி விற்பவர்களுக்குப் பெரிய அடி. ஹெஸ்டர் பட்டறை என்ன செய்தது தெரியுமா? இயந்திரத்தில் மெல்லியதாக உருட்டிய வெள்ளித் தகட்டைப் பயன்படுத்தியது. வெள்ளி குறைவாகப் பிடித்ததால் விலையும் குறைந்தது. தரமோ அதே 92.5தான். நடுத்தரக் குடும்பங்களும் டீபாட், ஸ்பூன், சர்க்கரைக் கிண்ணம் வாங்க முடிந்தது. ஓரத்தில் மணி மணியான வேலைப்பாடும், பளிச்சென்ற செதுக்கலும் இவர்கள் பட்டறையின் அடையாளம்.

மகன்கள் பீட்டர், ஜோனதன், மருமகள் ஆன் என மொத்தக் குடும்பமும் இந்தத் தொழிலில்தான் இருந்தது. 1790-ல், 80 வயதைத் தாண்டிய பிறகே ஹெஸ்டர் ஓய்வு பெற்றார். 1794-ல் காலமானார். பிறகு பேரன் வில்லியமும் தொழிலுக்கு வந்தார்.

லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் உட்படப் பல இடங்களில் இவர் பட்டறைப் பொருட்கள் இன்றும் இருக்கின்றன. அந்த 2 எழுத்துகளோடு!