பீடம் இருந்தது, ஆலயம் இல்லை

ஐரோப்பாவின் பழைய பேராலயங்கள் பலவற்றில் தலைமைப் பீடத்தைச் சுற்றிப் பின்புறம் சென்றால், அங்கே ஒரு சிற்றாலயத்தைக் காண்பீர்கள். பெரும்பாலும் அது அன்னை மரியாவுக்கோ, அவ்விடத்தில் அடக்கம் செய்யப்பட்ட புனிதருக்கோ உரியது. தனித்துச் செபிப்போருக்கான இடம். கண்டியில் உழைத்து மடிந்த புனித யோசவ் வாஸ் அடிகளாருக்கு இத்தகைய சிற்றாலயமொன்று அமையவில்லை. ஆனால் அவரது குருக்கள் குழுவின் பெயரே செபக்கூடம்தான்!

1651-ல் கோவாவில் பிறந்த அவர், 1685-ல் ஒரத்தோரியக் குழுவில் இணைந்தார். ஒரத்தோரியம் என்றால் செபக்கூடம். புனித பிலிப்பு நேரி உரோமையில் ஆலயமொன்றின் மேல்மாடத்தில் அமைத்த சிறு செபக்கூடத்திலிருந்து வந்த பெயர் அது.

1687-ல் கூலியாள் வேடத்தில் அவர் இலங்கைக்கு வந்தபோது, ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்தது. யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் தங்கி, இரவு வேளையில் வீடுகளுக்குள் திருப்பலி நிறைவேற்றினார். வீட்டின் உள்ளறையே ஆலயம், மேசையே பீடம். பிடிபட்டால் வீட்டாருக்கும் தண்டனை என்பதை அறிந்தே அம்மக்கள் கதவைத் திறந்தார்கள். அவர்களது துணிவை நாம் போதிய அளவு போற்றவில்லை என்றே சொல்வேன்.

1692-ல் கண்டிக்குச் சென்றவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று ஐயுற்றுச் சிறையிட்டனர். அவர் சோர்ந்துவிடவில்லை. சிங்களம் கற்றார். சிறை வளவிலேயே குடிசையொன்றைக் கட்டி, அதில் பீடம் அமைத்தார். கண்டியின் மறைந்திருந்த கத்தோலிக்கர் அங்கே தேடி வந்தனர்.

1696-ல் கடும் வறட்சி. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் வேண்டியபடி, திறந்த வெளியில் பீடமும் சிலுவையும் நிறுத்தி அவர் மன்றாட, மழை பொழிந்தது என்பது மரபு. அடுத்த ஆண்டு பெரியம்மை பரவி, நோயாளிகளை உறவினரே கைவிட்டபோது, அவர்களைத் தேடிச் சென்று பணிவிடை செய்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். மழையைவிட இதுவே கண்டியின் மனத்தைத் தொட்டிருக்கும்.

1711 சனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். அந்நகர ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பிற்காலத்தில் அவ்வாலயம் அழிந்தது. கல்லறையின் இடமும் மறைந்துபோயிற்று. பழைய கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் பீடத்தருகே தனிச் சிற்றாலயத்தில் போற்றப்படுகிறது. அதே மண்ணின் மைந்தருக்கு இங்கே கல்லறை தெரியவில்லை. வத்தேகமவிலிருந்து கண்டிக்குச் செல்லும் நீங்கள் முழந்தாளிட ஒரு கல்கூட இல்லை.

2015 சனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார், கொழும்பு காலிமுகத் திடலில், கடலோரத் திறந்த வெளியில் அமைத்த பீடத்தில்.