பத்ராசலம் ராமதாஸர்

ஊரிலிருந்து உறவினர் செகந்திராபாத்திற்கு வந்தால் நாம் அவர்களை முதலில் அழைத்துச் செல்வது கோல்கொண்டாக் கோட்டைக்குத்தான். வாயிலில் தட்டிய கையொலி மலையுச்சியில் கேட்கும் விந்தையைக் காட்டிவிட்டு, உள்ளே ஓர் இருண்ட அறையின் முன் சற்றே நிற்போம். அதன் கற்சுவரில் இராமர், இலக்குவர், அனுமார் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. செதுக்கியவர் சிற்பியல்லர், அங்கே அடைபட்டிருந்த ஒரு தாசில்தார் என்பர். கணக்கெழுதிக் காலம் தள்ளும் அடியேனுக்கு அவரிடம் தனியானதொரு பற்று உண்டு.

கம்மம் ஜில்லாவைச் சேர்ந்த நேலகொண்டபல்லியில், 17-ஆம் நூற்றாண்டில், லிங்கன்னா, காமாம்பா தம்பதிக்குப் பிறந்தவர் கஞ்சர்ல கோபன்னா. அக்காலத்தில் கோல்கொண்டாவை 1672 முதல் 1687 வரை ஆண்டவர் தானாஷா எனப்படும் அபுல் ஹஸன் குத்புஷா. அவருடைய மந்திரிகளான மாதன்னா, அக்கன்னா சகோதரர்கள் கோபன்னாவுக்குத் தாய்மாமன்மார். அவர்கள் தயவால் பல்வஞ்சாப் பகுதியில் வரி வசூலிக்கும் உத்தியோகம் அவருக்கு வாய்த்தது.

அப்பகுதியில், கோதாவரிக் கரையிலுள்ள பத்ராசலத்தில், தம்மக்கா என்னும் மூதாட்டி கண்டெடுத்த இராமர் விக்கிரகங்கள் ஓலைப் பந்தலின்கீழ் எழுந்தருளியிருந்தன. அக்காட்சி கோபன்னாவின் உள்ளத்தை உருக்கியது. ஆலயம் எழுப்பினார்; மதில் கட்டினார்; ஆபரணங்கள் பூட்டினார். செலவான பணம் சர்க்கார் கஜானாவுக்குச் சேர வேண்டியது. 6 லட்சம் என்பர். மேலிட உத்தரவின்றிச் செலவிட்டது குற்றமே. நம் ஆபீஸில் ஒரு ரூபாய் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம், அதை மறைத்துப் பயனில்லை.

அரசர் அவரைச் சிறையிலிட்டார். 12 ஆண்டுகள் என்பது மரபு. சிபாரிசு பலிக்குமாயின் அவரினும் பாக்கியசாலி யார்? மாமன்மார் இருவரும் அரசரின் வலக்கையாக விளங்கினர். எனினும் மருமகனை மீட்க இயலவில்லை. கொடுக்கப் பொருளில்லை; தப்ப வழியில்லை; சவுக்கடியோ ஓயவில்லை. எஞ்சியது பாட்டு ஒன்றே. அப்பாடல்கள் யாவும் பணிவானவை என்று எண்ணிவிடலாகாது. இலக்குவருக்கு இன்ன பதக்கம், சீதாபிராட்டிக்கு இன்ன பதக்கம், மதிலுக்கு இவ்வளவு என்று செலவுப் பட்டியலையே இராமர்முன் வைத்து, யார் வீட்டுப் பணத்தில் இந்த அலங்காரம் என்று ஏசுகின்றார். உடனே, அடி பொறாமல் பிதற்றினேன், பொறுத்தருள்க என்று அழுகின்றார். திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் இவரைத் தம் கீர்த்தனங்களில் போற்றியிருப்பதில் வியப்பென்ன?

ஒருநாள் இரவு ராமோஜி, லட்சுமோஜி எனப் பெயர் கூறிக்கொண்டு இரு இளைஞர்கள் தானாஷாவின் பள்ளியறையில் தோன்றிப் பாக்கித் தொகை முழுவதையும் பொன்னாகக் கொட்டினர். கையோடு ரசீதும் கேட்டு வாங்கினர். அதை உறங்கும் கோபன்னாவின் தலைமாட்டில் வைத்து மறைந்தனர். இவ்வாறு பக்தர்கள் பரம்பரையாகக் கூறுவர். எம்பெருமான் நினைத்திருந்தால் சுவரைப் பிளந்திருக்கலாம். அரசனின் நினைவை மாற்றியிருக்கலாம். அப்படியொன்றும் செய்யாமல், கடனைக் காசு குறையாமல் கட்டி ரசீது பெற்ற இடத்தில்தான் என் போன்ற குமாஸ்தாவின் நெஞ்சம் நெகிழ்கின்றது.

பொழுது விடிந்து விடுதலை வந்தபோது ராமதாஸர் மகிழவில்லை. 12 ஆண்டுகள் கூவியழைத்த தமக்கு வராத தரிசனம் தானாஷாவுக்கு வந்ததே என்று தேம்பினார். அரசரோ மெய்சிலிர்த்துச் சகல மரியாதையுடன் அவரைப் பத்ராசலத்திற்கு அனுப்பிவைத்தார்.

பின்னர் நடந்தது சரித்திரம். மாமன்மார் இருவரும் கோல்கொண்டாவில் கொலையுண்டனர். 1687-இல் கோட்டை ஔரங்கசீபிடம் வீழ்ந்தது. தானாஷா தௌலதாபாத்தில் சிறை வைக்கப்பட்டு, அங்கேயே மாண்டார். ஆயினும் ஸ்ரீராம நவமியன்று சீதா கல்யாணத்திற்கு அட்சதையோடு முத்து அனுப்ப அவர் ஏற்படுத்திய வழக்கம் நின்றுவிடவில்லை. நிஜாம்கள் அனுப்பினர், இன்று மாநில அரசின் சார்பில் முத்துக்கள் பத்ராசலம் போய்ச் சேருகின்றன.