ஐவரில் மிஞ்சிய ஒருவர்

கீழடி அகழாய்வுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். செஸ் போர்டு மாதிரி சதுரம் சதுரமாகக் குழிகள். நடுவே வெட்டாமல் விட்ட மண் சுவர்கள். நடந்து போவதற்காக விட்ட வரப்பு என்று நினைத்தீர்களா? அது மட்டுமல்ல. ஆய்வாளர்கள் படிக்கும் புத்தகமே அந்தச் சுவர்தான். அதைப் படிக்கும் முறையை நம் நாட்டு இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மார்டிமர் வீலர். பெரிய மீசை, ராணுவ மிடுக்கு, பொல்லாத கோபம் எல்லாம் உள்ள மனிதர்.

1890 செப்டம்பர் 10-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா பத்திரிகையாளர். குடும்பம் லண்டனுக்கு வந்தபோது வீலர் பதின்வயதுப் பையன். அப்பா அவரைப் பள்ளியில் சேர்க்கவில்லை! மியூசியங்களைச் சுற்றிப் பார்த்து நீயே கற்றுக்கொள் என்று விட்டுவிட்டார். (உங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்காதீர்கள், நடக்காது.) பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தார்.

1913-ல், 23 வயதில், இங்கிலாந்தின் மேற்கே ராக்ஸெட்டர் என்ற ஊருக்குத் தோண்டப் போனார். ரோமானியர்கள் இங்கிலாந்தை ஆண்டபோது அங்கே பெரிய நகரம் இருந்தது. இன்று வயல்வெளி. அதன் நடுவே இரண்டு மாடி உயரத்துக்கு ஒற்றைச் சுவர் நிற்கிறது. அது கோட்டைச் சுவர் அல்ல, பொதுக் குளியல் கூடத்தின் சுவர்!

குளிக்க இவ்வளவு பெரிய கட்டடமா? ரோமானியர்களுக்குக் குளியல் என்பது பொழுதுபோக்கு, அரட்டை, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்தது. குளிர்ந்த நீருக்கு ஒரு மண்டபம், வெதுவெதுப்புக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று. தரையைச் சின்னச் சின்னச் செங்கல் தூண்களின் மேல் தூக்கிக் கட்டுவார்கள். வெளியே அடுப்பு எரியும். அதன் அனல் தரைக்கு அடியில் புகுந்து ஓடும். தரை சுடும், அறையும் சூடாகும். தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருவார்கள். கோடையில் ஊருணி வற்றினால் குடத்துடன் அலையும் நரிக்குடி, திருச்சுழி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் படித்தால் பெருமூச்சுதான் வரும்.

ராக்ஸெட்டரில் அந்த ஆண்டு கல்லூரி இளைஞர்கள் ஐந்து பேர் சேர்ந்து வேலை செய்தார்கள். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. வீலர் பீரங்கிப் படையில் சேர்ந்தார். வீரப் பதக்கமும் வாங்கினார். 1918-ல் போர் முடிந்தது. ஐவரில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

தொல்லியலில் ஒரு தலைமுறையே அழிந்துவிட்டது, இனி யார் தோண்டுவார்கள்? இந்தக் கவலை அவரை விடவே இல்லை. மனைவி டெஸ்ஸாவும் தொல்லியலாளர். இருவரும் போன இடமெல்லாம் மாணவர்களைச் சேர்த்துப் பழக்கினார்கள். தொல்லியலுக்கென்று லண்டனில் ஒரு கல்வி நிலையம் வேண்டும் என்று பாடுபட்டார்கள். அது 1937-ல் திறந்தது. டெஸ்ஸா அதைப் பார்க்கவில்லை. 1936-லேயே இறந்துவிட்டார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. வீலர் மறுபடி ராணுவ உடை போட்டார். 1943-ல் அவரது படை லிபியாவுக்குள் நுழைந்தது. அங்கே கடலோரம் லெப்டிஸ் மாக்னா என்ற பழைய ரோம நகரம். ஹாட்ரியன் பேரரசர் காலத்துக் குளியல் கூடத்தின் தூண்கள் மணலில் நிற்கின்றன. அந்த இடிபாடுகளுக்கு நடுவே ரேடார் நிலையம் அமைக்கத் தங்கள் விமானப் படையே ஆயத்தம் செய்வதைப் பார்த்தார் வீலர். பதறிப்போனார். இன்னொரு தொல்லியல் அதிகாரியுடன் சேர்ந்து அதைத் தடுத்தார். எச்சரிக்கைப் பலகைகள் வைக்கச் செய்து, இது என்ன இடம் என்று சிப்பாய்களுக்குப் பாடமும் நடத்த ஏற்பாடு செய்தார்.

1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். வந்த சில மாதங்களிலேயே தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி. நாடெங்கிலுமிருந்து ஏறக்குறைய 60 மாணவர்கள். விடிவதற்கு முன்பே வேலை ஆரம்பம்.

அவர் கற்றுக்கொடுத்தது இதுதான். இன்று நீங்கள் நாலடிக் குழி தோண்டி ஒரு மிட்டாய்த் தாளைப் புதைத்து மூடுகிறீர்கள். பக்கத்தில் அதே நாலடி ஆழத்தில் 500 வருடப் பானை கிடக்கிறது. ஆழம் ஒன்றுதான், வயது ஒன்றா? இல்லையே! அதனால் அடியை மட்டும் அளந்தால் போதாது. எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று பார்க்க வேண்டும். வெட்டாமல் விட்ட சுவரில் அந்த அடுக்குகள் நிறம் நிறமாகத் தெரியும்.

அந்த ஆண்டே சென்னை மியூசியத்துக்கு வந்தார். அங்கே அலமாரியில் ஓர் உடைந்த சாடித் துண்டு. பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோமானியர்கள் திராட்சை மதுவும் எண்ணெயும் அனுப்பும் ஆம்போரா என்ற சாடி அது! புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்தது என்றார்கள். அங்கே 1937-லேயே உள்ளூர்ச் சிறுவர்கள் பொறுக்கிய மணிகளைக் கவனித்தவர் ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர். வீலர் புதுச்சேரிக்குப் போனார். அங்கிருந்த ஓடுகளில், இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுப் பாண்டத்தின் துண்டுகளும் இருந்தன. அரெஸ்ஸோ நகரத்துப் பாண்டம் அது. இதன் காலம் வீலருக்கு மனப்பாடம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவிலேயே அந்தத் தொழில் தேய்ந்துவிட்டது.

இதில் என்ன பெரிய விஷயம்? அதுவரை தென்னிந்தியாவில் தோண்டியெடுத்த பானைகளுக்கு வயது சொல்ல வழியே இல்லை. இத்தாலிய ஓடு ஒரு கடிகாரம். அது கிடந்த அடுக்கிலேயே கிடக்கும் நம்மூர்ப் பானைக்கும் அதே வயது! 1945-ல் மாணவர்களுடன் அரிக்கமேட்டைத் தோண்டினார். பெரிய கிடங்கு, செங்கல் தொட்டிகள், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் வெளிவந்தன. தொட்டிகள் துணிக்குச் சாயம் போட என்பது அவர் கணிப்பு. அடுத்த ஆண்டே அறிக்கையை அச்சிட்டார். 1947-ல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் தோண்டியபோது அங்கிருந்த பெருங்கற்காலக் கல்லறைகளுக்கு வயது கணிக்கவும் அரிக்கமேடுதான் உதவியது.

வீலர் தப்பும் செய்தார். ரோமானியர்கள்தான் அரிக்கமேட்டைப் பெரிதாக்கினார்கள் என்று நினைத்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டியது. ரோம வணிகத்துக்கு முன்பே நம்மவர்கள் அங்கே வாழ்ந்தது தெளிவானது. வீலர் 1950-ல் மொகஞ்சதாரோவிலும் தோண்டினார். ரோமானியக் குளியல் கூடங்களைவிட 2,000 ஆண்டுகளுக்கு மேல் மூத்த பெருங்குளம் இருக்கிறதே, அதன் பக்கத்தில்தான். அங்கே கண்ட மேடையைத் தானியக் களஞ்சியம் என்றார். இன்று பலர் ஒப்புவதில்லை. அங்கே கிடந்த எலும்புக்கூடுகளை வைத்து ஆரியர் படையெடுப்பு என்று அவர் எழுதியதும் நிற்கவில்லை.

1952-ல் சர் பட்டம். பிறகு டிவி நிகழ்ச்சியில் பழம்பொருட்களை அடையாளம் சொல்லிப் பிரபலமானார். 1976 ஜூலை 22-ல் காலமானார்.

நரிக்குடியிலிருந்து கிழக்கே, வைகை கடலைச் சேரும் பக்கம் அழகன்குளம் இருக்கிறது. தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது ரோமானியக் காசுகளும் சாடித் துண்டுகளும் கிடைத்தன. அங்கேயும் சதுரக் குழிகள்தான், நடுவே வெட்டாமல் விட்ட மண் சுவர்கள்தான்.