நூலகரை ஆக்கிய நூலகர்

நூலகப் பதவியை விட்டு ஓட எண்ணிய கணக்காசிரியர் ஒருவர், பின்னர் நாட்டுக்கே நூலகர்களைப் பயிற்றினார். அவர்தாம் சீ. இரா. அரங்கநாதன்.

1892இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அங்கே வாசகர் வருகை குறைவு, தனிமை வாட்டியது. சில நாட்களிலேயே கல்லூரி முதல்வரிடம் சென்று, பழைய வேலையைத் திரும்பக் கேட்டார். முதலில் இங்கிலாந்து சென்று பயின்று வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவரைத் தேற்றி அனுப்பினார் முதல்வர்.

இலண்டனில் பேர்விக் சேயர்சிடம் பயின்றார். பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். நூலகம் புத்தகக் கிடங்கன்று, மக்கள் பள்ளி என்பது விளங்கிற்று. 1925இல் திரும்பியவர் பதவியை விட நினைக்கவேயில்லை.

புத்தகம் அடுக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா? வாசகர் தேவையறிந்து உதவவும் பயிற்சி வேண்டுமன்றோ? 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாகப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1931இல் பல்கலைக்கழகம் அதனை ஏற்றது. அவ்வாண்டே அவருடைய ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. பின்னர் காசியிலும் தில்லியிலும் பயிற்றினார். 1962இல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையம் கண்டார். நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்று நிறுவ, தம் சேமிப்பில் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஈந்தார். 1972இல் மறைந்தார்.

நண்பர்களே, கேட்ட நூலைத் தேடாமல் எடுத்துத் தருகிறாரே நம் நூலக ஊழியர், அது பயின்ற கை. அப்பயிற்சிக்கு வித்திட்டவர் ஓடிவிட நினைத்த அந்தக் கணக்காசிரியரே.