கணித மேதை இராமானுசன்

பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த மீனவர் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. மீன் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகளைக் குப்பத்தார் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்து கொள்வதே அது. அங்கே வலை கொண்டு செல்வோர் 24 பேர் எனக் கொள்வோம். அவர்களை இருவர், மூவர், நால்வர், அறுவர், எண்மர், பன்னிருவர் கொண்ட குழுக்களாக ஒருவரும் எஞ்சாமற் பிரிக்கலாம். இன்னும் ஒருவர் வந்து 25 பேரானால், ஐவர் ஐவராகப் பிரிப்பதன்றி வேறு வழியில்லை. ஆள் பெருக, வழி சுருங்கிற்று! எண்களின் இவ்வியல்பை ஆழ்ந்து ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுசன்.

அவர் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களிற் தவறியமையால் இங்குப் பட்டம் பெற்றாரல்லர். காகிதம் வாங்கப் பொருளின்றிப் பலகையில் எழுதி எழுதி முழங்கையால் அழிப்பார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு விடுத்த கடிதம் அவர் வாழ்வை மாற்றிற்று. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

தன்னினும் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான காரணிகளை உடைய எண்ணை அவர் தனியே பிரித்துக் காட்டினார். அதனைப் பெரும்பகு எண் எனலாம். 24க்குக் காரணிகள் எட்டு. அதனிற் சிறிய எண் எதற்கும் எட்டு இல்லை. இத்தகைய எண்களை அவர் வரிசைப்படுத்திய கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. போர்க்காலம், கழகத்திற்கோ பொருள் முட்டுப்பாடு. ஆதலின் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை.

அவர் பட்டியலின் இறுதி எண் 67,46,32,83,88,800 ஆகும். 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5ஐயும் 7ஐயும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் வைத்துப் பெருக்க அவ்வெண் வரும். அம்முறைகள் ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை கிடைக்கும். அது 10,080! பொறிகளின் துணையின்றிக் கையாலே கணித்த கணக்கு இது.

இவ்வாராய்ச்சிக்காகவே 1916இல் கேம்பிரிட்சு அவருக்குப் பட்டம் அளித்தது. 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். ஆனால் குளிரும் உணவுக் குறையும் உடலை வாட்டின. நோயுடன் 1919இல் தாயகம் மீண்டவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். அப்போது வயது முப்பத்திரண்டே.

அச்சேறாது நின்ற பகுதி 1997இல்தான் வெளிவந்தது. அவர் பட்டியலை மீண்டும் ஆராய்ந்தோர், இடையில் ஓர் எண் விடுபட்டிருக்கக் கண்டனர். அது 2,93,31,86,25,600. அதனை 23ஆற் பெருக்கிப் பார்க்கும் மாணவர், பட்டியலின் இறுதி எண்ணையே விடையாகக் காண்பர்.