வட்டரங்கு கண்ட பிலிப் ஆஸ்ட்லி

கயிற்றின்மேல் நடத்தலும், கழை ஏறி ஆடுதலும், பந்துகளை மேலெறிந்து பிடித்தலும் பழங்காலந்தொட்டே பல நாடுகளில் வழங்கிவந்த கலைகளாகும். ஆயின், அவற்றில் வல்லவர்கள் தெருக்களிலும் சந்தைகளிலும் தனித்தனியே ஆடிப் பிழைத்தனர். அக்கலைகளை ஒரே வட்டரங்கில் ஒன்றுசேர்த்து, இக்காலச் சர்க்கசுக்கு அடிகோலியவர் பிலிப் ஆஸ்ட்லி என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

ஆஸ்ட்லி 1742ஆம் ஆண்டு, இங்கிலாந்து நாட்டில் நியூகாசில்-அண்டர்-லைம் என்னும் ஊரில், தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் தொழிலை விட்டு, 17ஆம் வயதில் குதிரைப்படையிற் சேர்ந்தார். ஏழாண்டுப் போரில் வீரத்துடன் பொருது, சார்ஜெண்ட் மேஜராக உயர்ந்தார். 1766இல் படையினின்று விலகியபோது, குதிரைகளைப் பழக்கும் திறனே அவருக்குப் பெருஞ்செல்வமாக இருந்தது.

அத்திறனை நம்பி 1768இல், இலண்டனில் தேம்சு ஆற்றின் தென்கரையில் குதிரையேற்றப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். காலையில் மாணவர்க்குப் பயிற்சி அளித்தார். பிற்பகலில் பொதுமக்களுக்குத் தம் வித்தைகளைக் காட்டினார். குதிரையை அவர் வட்டமாகவே ஓட்டினார். அதனால் சூழ்ந்திருந்தோர் யாவரும் அவரை இடையறாது காண முடிந்தது. மேலும், வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் சற்றே உள்நோக்கிச் சாய்ந்து நிற்பவரை, மையவிலக்கு விசை விழாமற் காத்தது. பலமுறை முயன்று, வட்டத்தின் விட்டம் 42 அடி இருத்தல் வேண்டுமெனக் கண்டார். இன்றும் உலகெங்கும் சர்க்கஸ் அரங்குகள் பெரும்பாலும் அவ்வளவிலேயே அமைகின்றன.

குதிரை வித்தைகளை மட்டுமே காட்டின் மக்கள் சலிப்படைவர் என உணர்ந்த ஆஸ்ட்லி, அவற்றினிடையே கயிற்றில் நடப்போர், கழைக்கூத்தர், கோமாளி ஆகியோரின் ஆட்டங்களையும் சேர்த்தார். 1782இல் பாரிசு நகரிலும் அரங்கு அமைத்தார். அவ்வாண்டிலேயே, முன்னர் அவரிடம் பணியாற்றிய சார்லசு இயூசு என்பவர் இலண்டனில் போட்டி அரங்கு ஒன்றைத் திறந்து, அதற்கு 'ராயல் சர்க்கஸ்' எனப் பெயரிட்டார். வட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய 'சர்க்கஸ்' என்பதே பின்னர் இக்கலைக்குப் பெயராயிற்று.

1793இல் பிரான்சுடன் போர் மூண்டது. 50 வயதைக் கடந்திருந்தும் ஆஸ்ட்லி மீண்டும் படையிற் சேர்ந்தார். அவர் போர்க்களத்தில் இருக்கையில், 1794இல் இலண்டன் அரங்கு தீக்கிரையாயிற்று. திரும்பி வந்த அவர் மனந்தளராது மறு ஆண்டே புதிய அரங்கைத் திறந்தார். 1803இல் அதுவும் எரிந்தது. அறுபது வயதைக் கடந்த அம்முதியவர், மீண்டும் அதனை எழுப்பினார். தீ அவர் அரங்கை இருமுறை அழித்தது. அவர்தம் ஊக்கத்தை ஒருமுறையும் அழிக்க இயலவில்லை.

1814ஆம் ஆண்டு ஆஸ்ட்லி பாரிசு நகரில் காலமானார். சர்க்கஸ் என்னும் பெயரை இட்டவர் அவரல்லர். எனினும், அவர் வகுத்த வட்டரங்கில் இன்றும் கலைஞர் பலர் தம் திறங்காட்டி வாழ்கின்றனர்.